ஒரு விண்ணப்பப் படிவத்தின் வரலாறு

பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டால் உதவித்தொகை, சான்றிதழ் என்று பலரும் கேட்பீர்கள். அதற்கு முன்னால் அமெரிக்காவில் இதே விஷயம் எப்படி வளர்ந்தது என்ற வரலாற்றைச் சொல்லலாம் என்று நினைத்தேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

கதை ஒரு வாத்தியாரிடம் தொடங்குகிறது. 1928ஆம் ஆண்டு. டெக்சாஸ் மாநிலத்தில் கோட்டுல்லா என்றொரு சிற்றூர். மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகள் மட்டும் படித்த வெல்ஹாசன் பள்ளிக்கு இருபது வயது இளைஞர் ஒருவர் ஆசிரியராக வந்தார். சான் மார்க்கோசில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர். படிப்புச் செலவுக்குப் பணம் இல்லாததால் ஓராண்டு வேலை பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று வந்தார். பிள்ளைகள் பலர் காலைச் சாப்பாடு இல்லாமல்தான் வகுப்புக்கு வந்தார்கள். தன் சம்பளத்தில் அவர்களுக்கு விளையாட்டுச் சாமான்கள் வாங்கிக் கொடுத்தார். அவர் பெயர் லிண்டன் ஜான்சன். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனவர்.

1965 நவம்பர் 8ஆம் தேதி, தான் படித்த அதே சான் மார்க்கோஸ் கல்லூரிக்கு வந்து உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அன்று பேசும்போது கோட்டுல்லா பிள்ளைகளின் முகங்களை மறக்க முடியவில்லை என்றார். ஏழ்மை காரணமாக அவர்களில் ஏறக்குறைய எவருக்குமே கல்லூரிக் கதவு திறக்காது என்று அன்றே தெரிந்த வேதனையையும் சொன்னார்.

அந்தச் சட்டம் திடீரென்று வந்ததல்ல. 1944இல் இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கான சட்டம் வந்தது. அதனால் சுமார் 22 லட்சம் பேர் அரசுச் செலவில் கல்லூரிக்குப் போனார்கள். 1957 அக்டோபரில் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா பதறிப்போய் மறு ஆண்டே கல்விக்கு ஒரு சட்டம் கொண்டுவந்து, மாணவர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்க ஆரம்பித்தது. இங்கே காமராசர் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்துகொண்டிருந்த காலம் அது. 1965 சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. போர் வீரனாக இருக்க வேண்டாம், விஞ்ஞானம் படிக்க வேண்டாம், ஏழையாக இருந்தாலே உதவி பெறத் தகுதி உண்டு என்றது.

1972இல் அடுத்த பெரிய மாற்றம். ரோட் ஐலண்ட் செனட்டர் கிளைபோர்ன் பெல் முயற்சியால், மாணவர் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் அவரோடு கூடவே போகும் மானியம் ஒன்று பிறந்தது. 1973-74இல் அதிகபட்சம் ஆண்டுக்கு 452 டாலர். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. 1980இல் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். 'பெல் கிராண்ட்' என்று இன்றைக்கும் வழங்குகிறது.

பணம் வந்தாயிற்று. அதை யாருக்குக் கொடுப்பது? குடும்ப வருமானம் எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர், எத்தனை பேர் கல்லூரியில் என்று கணக்குப் பார்க்க வேண்டுமே! அதற்காகத்தான் படிவம். ஆரம்பத்தில் பல படிவங்கள் இருந்தன. சிலவற்றுக்குக் கட்டணமும் உண்டு. உதவி கேட்க வரும் ஏழையிடமே காசு வாங்குவது என்ன நியாயம் என்ற கேள்வி எழுந்தது. 1992இல் சட்டத்தைத் திருத்தி, எல்லோருக்கும் பொதுவாக, கட்டணம் இல்லாத ஒரே படிவம் என்று ஆக்கினார்கள். அதன் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ஃபாஃப்சா' என்பார்கள்.

கட்டணம் போனது. கஷ்டம் போகவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள். பெற்றோரின் வருமான வரிக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்ப வேண்டும். பட்டதாரிப் பெற்றோருக்கே அது தலைவலி. தகப்பன் எங்கிருக்கிறார் என்றே தெரியாத பிள்ளை என்ன செய்யும்? குடியுரிமை இல்லாத பெற்றோர், அரசுப் படிவத்தில் பெயர் எழுதவே பயப்படுவார்கள். 'நமக்கெல்லாம் கிடைக்காது' என்று நினைத்து எடுத்துப் பார்க்காமலே விட்ட குடும்பங்களும் ஏராளம். விளைவு, தகுதியுள்ள பிள்ளைகள் விண்ணப்பிக்காததால் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான கோடி டாலர் கேட்பாரற்றுப் போகிறது. யாருக்காக அந்தப் பணத்தை ஒதுக்கினார்களோ அந்தப் பிள்ளைகளிடம்தான் படிவம் போய்ச் சேரவில்லை.

இதற்கு முதலில் மருந்து கண்டவர்கள் கல்லூரிகளில் உதவித்தொகை பார்க்கும் அலுவலர்கள். 1989இல் இந்தியானா மாநிலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பங்களை வரச்சொல்லி, கூட உட்கார்ந்து படிவங்களை நிரப்பிக் கொடுத்தார்கள். பிறகு பல மாநிலங்களுக்கு அந்த வழக்கம் பரவியது.

அப்படி உட்கார்ந்து உதவுவதால் உண்மையில் பலன் உண்டா என்று 2008இல் நான்கு பொருளாதார அறிஞர்கள் சோதித்துப் பார்த்தார்கள். எரிக் பெட்டிங்கர், பிரிட்ஜெட் டெரி லாங், பிலிப் ஒரியோபௌலோஸ், லிசா சன்போன்மட்சு ஆகியோர். அவர்கள் தேர்ந்தெடுத்த இடத்தைப் பாருங்கள். ஓஹையோவிலும் வட கரோலினாவிலும் எச் அண்ட் ஆர் பிளாக் என்ற நிறுவனத்தின் வருமான வரி அலுவலகங்கள். வரிக் கணக்குப் போட வரும் ஏழைக் குடும்பத்தின் விவரங்கள் ஏற்கெனவே அங்கே கணினியில் இருக்கும். அதையே எடுத்துப் படிவத்தில் இட்டு, மீதிக் கேள்விகளை மட்டும் கேட்டார்கள். கூடுதலாகப் பத்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

குடும்பங்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு முழு உதவி. இன்னொரு பிரிவுக்கு, எவ்வளவு உதவித்தொகை கிடைக்கும் என்ற தகவலைக் கொடுத்து, நீங்களே விண்ணப்பியுங்கள் என்று ஊக்கம் மட்டும். மூன்றாம் பிரிவுக்கு ஒன்றுமில்லை. முடிவு 2012இல் வெளியானது. அடுத்த மூன்றாண்டுக்குள் கல்லூரியில் இரண்டாண்டு படிப்பை நிறைவு செய்தவர்கள், உதவி பெறாத பிள்ளைகளில் 100க்கு 28 பேர். முழு உதவி பெற்ற குடும்பத்துப் பிள்ளைகளில் 100க்கு 36 பேர். தகவல் மட்டும் பெற்றவர்களிடம் எந்த முன்னேற்றமும் இல்லை.

கடைசி வரியை ஆசிரிய நண்பர்கள் இன்னொரு முறை படியுங்கள். நோட்டீஸ் ஒட்டுவதும் மைக்கில் அறிவிப்பதும் வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்புவதும் எந்தப் பிரிவில் சேரும் என்று உங்களுக்கே தெரியும்.

இதன் பிறகு மாநிலங்களும் இறங்கி வேலை செய்தன. டென்னசி மாநிலம் 2014இல் சட்டம் போட்டு, சமுதாயக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் இல்லை, ஆனால் ஃபாஃப்சா நிரப்ப வேண்டும் என்றது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தன்னார்வ வழிகாட்டியையும் சேர்த்துக் கொடுத்தது. லூசியானா 2018இல் பள்ளி முடித்த மாணவர்களிலிருந்து, படிவம் நிரப்பினால்தான் பள்ளிச் சான்று என்று விதித்தது. விருப்பமில்லாதவர்கள் விலக்குக் கடிதம் கொடுக்கலாம். அந்த ஆண்டே விண்ணப்பங்கள் வெகுவாகக் கூடின. ஆனால் குடும்ப விவரத்தைக் கட்டாயப்படுத்திக் கேட்கலாமா என்ற எதிர்ப்பு தொடர்ந்தது. 2024இல் அந்த விதியை விலக்கிக்கொண்டார்கள்.

படிவத்தையே சுருக்க வேண்டும் என்று பல ஆண்டு வாதாடியவர் டென்னசி செனட்டர் லமார் அலெக்சாண்டர். நீளமான அந்தப் படிவத்தைச் சபையில் விரித்துக் காட்டியே பேசுவார். அவர் ஓய்வு பெறும் தறுவாயில், 2020 டிசம்பரில், எளிமையாக்கும் சட்டம் நிறைவேறியது. கேள்விகள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. வரி விவரத்தை, குடும்பத்தின் சம்மதத்தோடு, வரித்துறையிலிருந்தே நேராக எடுத்துக்கொள்ளவும் ஏற்பாடு.

நல்ல சட்டம்தான். நடைமுறையில் சறுக்கியது. வழக்கமாக அக்டோபர் 1ஆம் தேதி திறக்க வேண்டிய படிவம், 2023 டிசம்பர் கடைசியில்தான் இணையத்தில் வந்தது. வந்தும் அடிக்கடி முடங்கியது. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோரின் பிள்ளைகள் உள்ளே நுழையவே முடியாமல் பல வாரம் தவித்தார்கள். எவ்வளவு உதவி என்று கல்லூரிகள் சொல்ல வசந்த காலம் தாண்டிவிட்டது. அந்த ஆண்டு விண்ணப்பித்த மாணவர் எண்ணிக்கை முந்திய ஆண்டைவிடக் கீழே இறங்கியது. எளிமையாக்கிய படிவத்துக்கும் பக்கத்தில் ஒரு ஆள் தேவைப்பட்டது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை இந்தியாவில் 1944லேயே தொடங்கியது. தமிழ்நாட்டில் 2010இல் முதல் பட்டதாரிக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2022இல் புதுமைப்பெண், 2024இல் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1000 ரூபாய். திட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றுக்கும் இ-சேவை மையத்துக்கும் வங்கிக்கும் நடக்க வேண்டும். ஆதாரில் ஒரு இனிஷியல், மதிப்பெண் பட்டியலில் வேறு இனிஷியல் என்றால் அதோடு நிற்கும். கூலி வேலைக்குப் போகும் தாய் இதற்காக எத்தனை நாள் சம்பளத்தை விடுவார்?

அதனால் ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கும் கல்லூரி முடித்த இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்த, வீட்டில் யாரும் கல்லூரி வாசல் மிதிக்காத ஒரு பிள்ளை இருக்கும். "ஸ்காலர்ஷிப்புக்குப் போட்டியா?" என்று கேட்டுவிட்டு நகராதீர்கள். சான்றிதழ்களை எடுத்துவரச் சொல்லுங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தை அனுப்பி முடித்து, விண்ணப்ப எண்ணை ஒரு தாளில் எழுதி அந்தப் பிள்ளையின் கையில் கொடுங்கள். பணம் கணக்கில் ஏறியதா என்று மூன்று மாதம் கழித்து ஒருமுறை விசாரியுங்கள்.

விவரம் தெரியாமல் தடுமாறும் பிள்ளைகள் யாராவது இருந்தால் கமெண்ட்டில் சொல்லுங்கள். என்னால் ஆனதைச் செய்கிறேன்.