சிக் சாவர் பி320
2014-இல் அறிமுகமான, உறுப்புகளை மாற்றத்தக்க கைத்துப்பாக்கி. விசை இயக்கம் அடங்கிய சிறு எஃகுக் கூடே இதன் உயிர்நாடி. தொடர் எண் அதில்தான் இருக்கும். அமெரிக்கச் சட்டப்படி அதுவே துப்பாக்கி. பிடியும் குழலும் வெறும் உதிரிகள்.

2017 ஜனவரியில் அமெரிக்கத் தரைப்படை, பெரெட்டா எம்9-க்கு மாற்றாக இதன் எம்17, எம்18 வடிவங்களைத் தேர்ந்தெடுத்தது. இவற்றின் மேலே உள்ள ஒரு தகட்டைக் கழற்றினால் செம்புள்ளிக் காட்டி பொருத்தலாம்.

இத்துப்பாக்கியில் ஒலியடக்கி பொருத்துவதுதான் கடினமான சோதனை. சுடும்போது குழல் சாய்ந்து பின்னகரும். முனையில் ஏறும் பாரம் அந்த அசைவைத் தடுக்கும். அதனால் ஒலியடக்கிக்குள் சுருள்வில் உந்தி தேவை. குறிக்காட்டிகளும் உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒலியடக்கியே பார்வையை மறைத்துவிடும்.

எதற்கும் முன் பாதுகாப்பு. கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்ற கவலை எழுந்ததும், 2017 ஆகஸ்டில் சிக் சாவர் நிறுவனம் தானாக முன்வந்து மேம்பாட்டுத் திட்டத்தை அறிவித்தது.