வீடு தேடி வந்த பிராணவாயு

நாட்பட்ட சுவாசப்பை நோயால் வருந்துவோர் தம் இல்லத்திலிருந்தவாறே ஒட்சிசனைச் சுவாசித்து, ஆயுளிற் சில ஆண்டுகளைக் கூட்டிக்கொள்ளல் இன்று புதுமையன்று. ஆயினும், அவ்வாயுவை எவ்வளவு கொடுத்தல் வேண்டும், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் கொடுத்தல் வேண்டும் என்னும் எளிய வினாக்களுக்கு விடை காண மருத்துவ உலகுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வேண்டியிருந்தது.

1774ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதலாம் நாள், இங்கிலாந்தில் ஜோசப் பிறீஸ்லி என்பார் சூரிய ஒளியைப் பெரிய வில்லையொன்றாற் குவித்து, பாதரசத்தின் செந்நிறச் சுண்ணத்தைச் சூடாக்கினார். அதனின்று எழுந்த வாயுவில் மெழுகுதிரி பேரொளியோடு எரிந்தது. சுவீடன் நாட்டுச் சீலே இதனை முன்னரே கண்டிருந்தாரெனினும், அவருடைய நூல் 1777இலேயே வெளிவந்தது. பிறீஸ்லி அவ்வாயுவைத் தாமும் சுவாசித்துப் பார்த்தார். நெஞ்சு இலேசானதாக உணர்ந்தார். நோயாளருக்கு இது மருந்தாகலாம் என்று கருதிய அவரே, இதனுள் மெழுகுதிரி விரைந்து எரிந்து தீர்வதுபோல, நலமுடையோர் இதனைச் சுவாசிப்பின் அவர்தம் வாழ்நாளும் விரைந்து தீருமோ என்று ஐயுற்றார். அளவு பற்றிய அந்த ஐயத்தைப் பின்வந்தோர் நெடுங்காலம் மறந்திருந்தனர்.

தோமஸ் பெடோஸ் என்னும் மருத்துவர் 1799இல் பிறிஸ்ரல் நகரில், வாயுக்களாற் பரிகாரஞ் செய்யும் நிலையமொன்றைத் தொடங்கினார். நீராவி இயந்திரத்தாற் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட், 1794இல் தம் மகளைச் சயரோகத்துக்குப் பறிகொடுத்தவர். பெடோசுக்கு வேண்டிய கருவிகளை அவரே அமைத்துக் கொடுத்தார். சயரோகமோ தீர்ந்தபாடில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒட்சிசனின் பெயர் வணிகர் கைக்குப் போயிற்று. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலிருந்து ‘கூட்டு ஒட்சிசன்’ என்பதொன்று, பல நோய்க்கும் ஒரே மருந்தென விளம்பரஞ் செய்யப்பட்டு, தபால் மூலம் வீடுகளுக்கு அனுப்பப்பட்டது. பிராணவாயு அக்காலத்தில் வீட்டு வாயிலை மிதித்தது இத்தகைய போலி வேடத்திலேயே எனல் பொருந்தும்.

முதலாம் உலகப் போரில் நஞ்சுவாயுவாற் சுவாசப்பை சிதைந்த போர்வீரர்களை நோக்கிய பின்னரே நிலைமை மாறிற்று. இடையிடையே சில நிமிடம் ஊட்டுதல் பயனற்றது, அளந்து, இடைவிடாது கொடுத்தல் வேண்டும் என்பதை ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் 1917இல் வற்புறுத்தினார்.

ஆயின், மிகுதியும் தீங்காகும் என்பது கொடிய விலை கொடுத்தே அறியப்பட்டது. 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் குறைமாதக் குழந்தைகளுக்கு ஒட்சிசன் தாராளமாக வழங்கப்பட்டது. அதனால் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வையிழந்தனர். அன்பினாற் கொடுக்கப்பட்டதே கண்ணைப் பறித்தது. நாட்பட்ட சுவாசப்பை நோயாளர் சிலருக்கும், மிகையான ஒட்சிசனால் இரத்தத்திற் காபனீரொட்சைட்டு தேங்கி மயக்கம் உண்டாதல் கண்டு மருத்துவர் அஞ்சினர். 1960இல் மொறன் கம்பெல் என்பார் வகுத்த முகமூடி, காற்றோடு கலந்து 24, 28, 35 வீதமென ஒட்சிசனை வரையறுத்துக் கொடுத்து அவ்வச்சத்தைத் தணித்தது.

கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்திலுள்ள டென்வர் நகரில் காற்று மெலிந்தது. அங்கே தோமஸ் பெற்றியும் அவர்தம் குழுவினரும் 1960களில், எடுத்துச் செல்லக்கூடிய திரவ ஒட்சிசன் கலன்களை நோயாளருக்கு வழங்கினர். கட்டிலோடு கிடந்தோர் சிலர் எழுந்து நடமாடினர். நடமாட்டம் வேறு, நீண்ட ஆயுள் வேறு. பின்னையதற்குச் சான்று வேண்டப்பட்டது.

அச்சான்று இரு ஆய்வுகளாற் கிடைத்தது. 1980இல் வெளிவந்த வட அமெரிக்க ஆய்வில் 203 நோயாளர் பங்குபற்றினர். இரவில் 12 மணி நேரம் மட்டும் ஒட்சிசன் பெற்றோரிடை நிகழ்ந்த இறப்பு, நாளொன்றுக்குச் சராசரி ஏறத்தாழ 18 மணி நேரம் பெற்றோரிடை நிகழ்ந்ததைப்போல் ஏறக்குறைய இருமடங்காயிற்று. 1981இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வு சிறியதெனினும் கடுமையானது. நாளொன்றுக்கு 15 மணி நேரம் ஒட்சிசன் பெற்ற 42 பேரில் 19 பேர் ஐந்தாண்டுகளில் இறந்தனர். பெறாத 45 பேரில் 30 பேர் இறந்தனர். ஆண்களிடையே முதல் 500 நாள்வரை இரு சாராருக்கும் வேறுபாடே தோன்றவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. ஓராண்டோடு ஆய்வை முடித்திருப்பின், இப்பரிகாரம் வீணென்றே எழுதப்பட்டிருக்கும். முப்பது பேர் இறந்தது கொடுமையன்றோ எனின், ஒட்சிசன் ஆயுளை நீட்டுமென்பதை அன்று அறிந்தார் எவருமிலர். அதன்பின் அத்தகைய நோயாளருக்கு அதனை மறுத்து ஆய்வு நடத்துதல் முறையாகாது.

இதன் காரணமும் விளக்கமாயுள்ளது. இரத்தத்தில் ஒட்சிசன் குன்றின் சுவாசப்பையின் நாடிகள் சுருங்கும், இதயத்தின் வலப்புறம் அச்சுமையை இழுத்து இளைக்கும், கால்கள் வீங்கும். நெடுநேரம் கிடைக்கும் ஒட்சிசன் அச்சுமையைக் குறைக்கின்றது. ஆகவே இது மூச்சுவாங்குதலுக்கு மருந்தன்று. இரத்தத்தில் உள்ள குறைக்கே மருந்து. குறை சிறிதளவேயுள்ள 738 பேரிடம் நடத்தப்பெற்று 2016இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், ஆயுளிலோ நலத்திலோ பயனெதுவும் காணப்படவில்லை.

பதினைந்து மணி நேரத்துக்குச் சிலிண்டர் சுமந்து மாளாது. சியோலைற்று என்னும் கனிப்பொருள் அழுத்தத்தில் நைதரசனைப் பற்றிக்கொள்ளும். எஞ்சுவது பெரும்பாலும் ஒட்சிசனே. இவ்வியல்பைக் கொண்டமைந்த வீட்டுப் பொறிகள் 1970களில் வழக்குக்கு வந்து, அறைக் காற்றிலிருந்தே ஒட்சிசனைப் பிரித்தளித்தன. அவற்றின் அண்மையிற் புகைபிடித்தலும் அடுப்பெரித்தலும் ஆகா. பிறீஸ்லியின் மெழுகுதிரியைப் பேரொளியோடு எரித்த வாயு இதுவே. உறங்கும் எட்டு மணி நேரம் போக, விழித்திருக்கும் ஏழு மணி நேரமும் நோயாளர் குழாய் எட்டும் தொலைவுக்குள்ளேயே உண்டு, பேசி, பேரப்பிள்ளைகளோடு பொழுது போக்குகின்றனர். மின்சாரம் தடைப்படின் பொறி நின்றுவிடும் என்பதால், நிரப்பிய சிலிண்டர் ஒன்றும் அறையின் மூலையில் நிற்கும்.