இனங்களின் பட்டப்பெயர்கள்: அன்பா, இழிவா?



தோட்டத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆளைக் காண்பது அரிது. ஒரே பிரட்டில் மூன்று முனியாண்டிகள் நின்றால், நெட்டை முனியாண்டி, மீசை முனியாண்டி, மேட்டு லயத்து முனியாண்டி என்று பிரித்துச் சொன்னால்தான் கிராணியாருக்கும் கணக்குச் சரியாக வரும். இந்தப் பெயர்களுக்காக யாரும் சண்டைக்குப் போவதில்லை. பெயர் வைத்தவரும் அதே லயத்தில்தான் குடியிருக்கிறார். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் இருக்கிறது.

ஓர் இனத்துக்கே வைக்கப்படும் பட்டப்பெயர் அப்படிப்பட்டதன்று. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை முகம் வாடி வீட்டுக்கு வருகிறது. "என்னைக் கெலிங் என்று கூப்பிட்டார்கள்" என்று சொல்லி அழுகிறது. தாய், "அது கெட்ட வார்த்தை" என்கிறார். பாட்டனார், "அந்தக் காலத்தில் எல்லாரும் சொன்னதுதானே, விட்டுத் தள்ளு" என்கிறார். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. அது எப்படி என்பதை வரலாற்றைக் கொண்டு இன்று பார்ப்போம்.

முதலில் சொல்லின் பிறப்பு. இந்தியாவின் கிழக்குக் கரையில், இன்றைய ஒடிசாவும் வட ஆந்திரமும் உள்ள பகுதியில், கலிங்கம் என்ற நாடு இருந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோக மன்னர் போர் தொடுத்து வென்று, பின்னர் அந்த வெற்றிக்காகவே மனம் வருந்திய நாடு இது. அந்தக் கரையிலிருந்து வணிகர்கள் கப்பலேறிக் கிழக்கே வந்தார்கள். கலிங்கம் என்ற பெயரே இங்கே கெலிங் எனத் திரிந்தது என்பது அறிஞர் பெரும்பாலோர் கருத்து. பிறகு தமிழர் வந்தாலும், தெலுங்கர் வந்தாலும், அந்த ஒரே பெயர்தான்.

இது விந்தையான செய்தியன்று. பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியரை நம்மவர்கள் 'வங்காளி' என்றே அழைத்துப் பழகியிருக்கிறோம். அவர்கள் கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பலேறி வந்தவர்கள். கப்பலேறிய ஊரைக் கொண்டு ஆளுக்குப் பெயர் வைத்துவிட்டோம். அந்நியர் நமக்கு வைத்த பெயரும் அப்படி வந்ததுதான்.

இந்தச் சொல் ஒரு காலத்தில் எவ்வளவு மதிப்போடு வழங்கியது என்பதற்குச் சான்று நம் ஜொகூரிலேயே இருக்கிறது. பண்டார் தெங்காராவுக்குத் தென்கிழக்கே கோத்தா திங்கி. அங்கே ஜொகூர் ஆற்றங்கரையில்தான் பழைய ஜொகூர் சுல்தான்களின் தலைநகர்கள் சில இருந்தன. அந்த அரசில், 1612 ஆம் ஆண்டில், பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங் பொறுப்பேற்றுத் திருத்தி எழுதிய நூல் 'செஜாரா மெலாயு'. மலாய் அரசர்களின் வரலாறு கூறும் பெருநூல் அது. அதில் கெலிங் என்பது ஒரு நாட்டின் பெயர். அரசர்களும் வீரர்களும் பிறந்த நாட்டின் பெயர்.

அந்நூலில் ஒரு சுவையான கதை உண்டு. கெலிங் நாட்டு அரசன் ராஜா சூலான் பெரும்படையோடு சீனாவைப் பிடிக்கப் புறப்பட்டுத் தெமாசிக் வரை வந்துவிட்டான். தெமாசிக் என்பது இன்றைய சிங்கப்பூர். சீன அரசர் ஒரு தந்திரம் செய்தார். துருப்பிடித்த ஊசிகளையும், காய்த்துக் குலுங்கும் மரங்களையும், பல் விழுந்த கிழவர்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினார். "சீனா எவ்வளவு தூரம்?" என்று சூலானின் ஆட்கள் கேட்டார்கள். "நாங்கள் புறப்படும்போது சிறுவர்கள், இந்த மரங்கள் அப்போது வெறும் விதைகள், இந்த ஊசிகள் கைப்பருமன் உள்ள இரும்புக் கம்பிகள்" என்றார்கள் கிழவர்கள். அதைக் கேட்ட சூலான் ஊர் திரும்பிவிட்டான். சூலான் என்ற பெயரில் நம் சோழன் ஒலிப்பதைக் கேட்கிறீர்களல்லவா? கதையின் முடிவு எப்படியிருந்தாலும், சீனாவே அஞ்சும் அளவுக்குக் கெலிங் அரசனை அந்நூல் உயர்த்தி வைத்திருக்கிறது.

இன்னொரு செய்தியும் அதில் உண்டு. கெலிங் நாட்டு அரச குடும்பத்தைச் சேர்ந்த மணி புரிந்தாம் என்பவர் மலாக்காவுக்கு வந்து மணம் செய்துகொண்டார். அவருடைய மகள் வயிற்றுப் பேரன் மலாக்கா சுல்தான் முசாபர் ஷா. மகன் வழிப் பேரன் புகழ்பெற்ற பெண்டஹாரா துன் முத்தாஹிர். தங்கள் அரசரின் உறவுமுறையைச் சொல்லும் இடத்தில் இழிவான சொல்லை எவரும் எழுதி வைக்கமாட்டார்கள்.

மலாக்காவின் துறைமுகத்துக்கு வருவோம். அங்கே நான்கு ஷாபந்தார்கள், அதாவது துறைமுகத் தலைவர்கள், இருந்தார்கள். அவர்களில் ஒருவரின் பொறுப்பில் இருந்தது கெலிங் வணிகரின் காரியம். 1512 முதல் 1515 வரையிலான ஆண்டுகளில் நூல் எழுதிய தோமே பிரெஸ் என்ற போர்த்துகீசியர் இதைக் குறித்து வைத்திருக்கிறார். 1511 இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தபின், நைனா செட்டு என்ற தமிழ் வணிகரைப் பெண்டஹாரா பதவியில் அமர்த்தினார்கள். 1514 இல் அந்தப் பதவியை வேறொருவருக்குக் கொடுத்தபோது, அவமானம் தாளாமல் அவர் தீயில் இறங்கி உயிர்விட்டார் என்று போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். மானத்தை அவ்வளவு பெரிதாக எண்ணிய அந்த மக்களுக்கும் கெலிங் என்றுதான் பெயர். அந்தப் பெயரால் அவர்களுக்கு மானக்குறைவு இருந்ததில்லை.

முன்ஷி அப்துல்லாவை நீங்கள் அறிவீர்கள். தம் வாழ்க்கை வரலாற்றை 1849 இல் அச்சிட்டு வெளியிட்ட மலாய் எழுத்தாளர். அவர் உடலில் தமிழ் இரத்தமும் ஓடியது. மலாக்காவில் வசதியான குடும்பங்கள் பிள்ளைகளைத் தமிழ் படிக்க அனுப்புவது முன்னோர் காலத்து வழக்கம் என்றும், தம் தந்தையாரும் அவ்வாறே தம்மை அனுப்பினார் என்றும் அவர் எழுதியிருக்கிறார். தமிழுக்கு அவர் எழுதிய பெயரும் கெலிங் மொழி என்பதே.

அப்படியானால் இந்தச் சொல் எப்போது கசந்தது?

இதற்கு ஒரு கதை சொல்வார்கள். வெள்ளைக்காரர் இந்தியாவிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் கால்விலங்கு 'கிலிங் கிலிங்' என்று ஒலித்தது. அதனால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். கைதிகள் வந்தது உண்மை. சிங்கப்பூருக்கு 1825 முதல் வந்த அவர்கள் சாலை போட்டார்கள், கட்டடம் கட்டினார்கள். பெயர்க் கதை மட்டும் உண்மையன்று. அந்தக் கைதிகள் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே தோமே பிரெஸ் இந்தப் பெயரை எழுதிவிட்டார். இருந்தாலும் இந்தக் கதை நம்மவரிடையே நிலைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதைக் கேட்டவர்கள் காதில் அந்தப் பெயர் அப்போதே விலங்கு போல ஒலிக்கத் தொடங்கியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலில் வந்தவர்கள் வேறு மக்கள். கரும்புத் தோட்டத்துக்கும், காப்பித் தோட்டத்துக்கும், பின்னர் பால்மரத் தோட்டத்துக்கும் ஒப்பந்தத்தில் கட்டுண்டு வந்த ஏழைகள். ஒப்பந்த முறை மலாயாவில் 1910 இல் ஒழிந்தது. கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது 1938 இல் நின்றது. இந்த நீண்ட காலத்தில் ஊரார் கண்ணில் பட்ட கெலிங், கப்பல் முதலாளியாகவோ ஷாபந்தாராகவோ இல்லை. கிழிந்த துணியோடு, குறைந்த சம்பளத்துக்கு, துவான் முன் கைகட்டி நின்ற தொழிலாளியாக இருந்தார். அந்த உழைப்பை மதிக்காதவர்கள் உழைப்பவரின் பெயரையும் மதிக்கவில்லை. எழுத்து மாறவில்லை, அதைச் சொல்லும் குரல் மாறிவிட்டது.

கூலி என்ற சொல்லுக்கும் இதே கதி நேர்ந்தது. தமிழில் கூலி என்றால் செய்த வேலைக்குக் கிடைக்கும் ஊதியம். அந்த ஊதியத்தின் பெயரையே ஆளுக்கு வைத்துவிட்டார்கள். குஜராத்தில் உள்ள கோலி என்ற சமூகத்தின் பெயரிலிருந்து வந்த சொல் என்பாரும் உண்டு. எப்படி வந்திருந்தாலும், 1893 இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகளைக் 'கூலி பாரிஸ்டர்' என்று அழைத்தார்கள். அங்கே நம்மவரைச் 'சாமி' என்றும் கூப்பிட்டார்கள். தமிழர் பெயர்கள் பலவும் சாமி என்று முடிந்ததால் வந்த வழக்கம் அது. சாமி என்றால் தலைவன் என்று பொருளாயிற்றே என்று காந்தியடிகள் தம் வரலாற்றில் விளக்குகிறார். தெய்வத்தைக் குறிக்கும் சொல்லையும் சொல்லும் விதத்தால் வசையாக்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் 'தம்பி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதைவிட அன்பான சொல் தமிழில் எத்தனை இருக்கிறது? வெள்ளைக்காரர் ஆப்பீஸில் காகிதம் தூக்கிச் செல்லும் கடைநிலை ஊழியருக்குத் 'தம்பி' என்பது பதவிப் பெயராயிற்று. தலை நரைத்து, பேரப்பிள்ளை எடுத்த பெரியவரை, அவர் மகன் வயதுள்ள துரை 'தம்பி' என்று அழைத்தார். சொல் அன்புடையது, அழைப்பில் அன்பு இல்லை. அதே வேளையில், 'மாமா' என்ற நம் உறவுச்சொல் மலாயில் 'மாமாக்' ஆகி, இந்திய முஸ்லிம்களின் தேநீர்க் கடைக்குப் பெயராகி, எல்லா இனத்தாரும் ஒன்றாக உட்காரும் இடத்தைக் குறிக்கிறது. இரண்டும் உறவுச்சொற்களே, போய்ச் சேர்ந்த இடம் வேறு.

ஒரு சொல் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் கெட்டுப்போவதுமில்லை. சிங்கப்பூரில் கிளிங் ஸ்திரீட் என்றிருந்த தெருவின் பெயர், இந்தியர்கள் அதை இழிவாகக் கருதியதால், 1921 இல் சூலியா ஸ்திரீட் என்று மாற்றப்பட்டது. பினாங்கிலோ, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அந்தப் பெயரோடு இன்றும் தலைநிமிர்ந்து நிற்கிறது. இந்திய முஸ்லிம்களின் தலைவராயிருந்த காதர் முகைதீன் பெயரை நினைவூட்டுவதால், மக்கள் அதைப் பெருமையாகவே கருதுகிறார்கள். மலாக்காவில் கம்போங் கெலிங் பள்ளிவாசலும், தஞ்சோங் கெலிங் என்ற ஊரும் உண்டு. இதை எண்ணித்தான் பாட்டனார், "விட்டுத் தள்ளு" என்கிறார். பள்ளி மைதானத்தில் ஒரு பிள்ளையைத் தனியே நிறுத்திச் சிரித்துக்கொண்டு சொல்வது பள்ளிவாசலின் பெயர் ஆகாது. அதனால் தாய் சொல்வதும் சரியே. அகராதியில் இந்தச் சொல் இருப்பது பற்றி இந்நாட்டில் நீதிமன்றம் வரை வழக்குச் சென்றதற்கும் அந்த வலிதான் காரணம்.

ஆகவே, ஒரு பட்டப்பெயர் அன்பா இழிவா என்று அறிய அதன் வேரை மட்டும் தோண்டினால் போதாது. யார் சொல்கிறார், எந்த உயரத்திலிருந்து சொல்கிறார், கேட்பவர் "என்னை அப்படி அழைக்காதே" என்று அச்சமின்றிச் சொல்ல முடிகிறதா என்று பார்க்கவேண்டும். இலங்கை மலையகத்துத் தமிழரைத் 'தோட்டக்காட்டான்' என்று இழித்தவர்களில் தமிழ் பேசுவோரும் இருந்தார்கள். ஒரே மொழி பேசினாலும் உயரம் வேறாக இருந்தது.

இந்த அளவுகோலை இப்போது நம் வீட்டு வாசலிலும் வைத்துப் பார்ப்போம். இன்று ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுபவர்களில் இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேப்பாளியர் எனப் பலர் இருக்கிறார்கள். நம் பாட்டனார் வந்தது போலவே, கடன்பட்டு, ஏஜெண்டுக்குப் பணம் கட்டி, கடல் கடந்து வந்தவர்கள். அவர்களை நம் பிள்ளைகள் எப்படி அழைக்கிறார்கள்? "டேய் பங்களா, இங்கே வா" என்று ஒரு குரல் எழுகிறது. "அவன் இண்டோன்தானே" என்று மற்றொரு குரல்.

இண்டோன் என்பது இந்தோனேசியா என்பதன் சுருக்கம்தான்; வேரில் வசை எதுவும் இல்லை. ஆனாலும் அந்த மக்கள் அதனால் புண்பட்டார்கள். 2007 ஆம் ஆண்டில் மலேசியத் தகவல் அமைச்சு, செய்தி நிறுவனங்கள் அச்சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று பணித்தது. பங்களா என்பதோ அவர்களின் தாய்மொழியின் பெயர். 1952 ஆம் ஆண்டு பிப்ரவரி 21 அன்று டாக்கா நகரில், அந்த மொழிக்கு உரிமை கேட்ட மாணவர்கள் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்தார்கள். அந்த நாளையே உலகத் தாய்மொழி நாளாக யுனெஸ்கோ 1999 இல் அறிவித்தது. தாய்மொழிக்காகப் போராடிய வரலாறு தமிழருக்கும் உண்டு; அந்தத் தியாகத்தின் அருமை நமக்குப் புரியாததன்று. உயிர் கொடுத்துக் காத்த பெயரை ஏவல் குரலில் சொல்லி வசையாக்குவது, கலிங்கத்தின் பெயருக்கு நேர்ந்ததை நம் வாயாலேயே இன்னொருவருக்குச் செய்வதாகும்.

பெற்றோர்களே, அழுதுகொண்டு வரும் பிள்ளையிடம் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். "அது ஒரு பெரிய நாட்டின் பெயர், அரசர்களும் வணிகர்களும் அந்தப் பெயரோடு இங்கே வாழ்ந்தார்கள், அதைக் கேட்டு நீ வெட்கப்பட வேண்டியதில்லை" என்று முதலில் சொல்லுங்கள். "ஆனாலும் உன்னை நோகடிக்க ஒருவர் அதைச் சொன்னால், என் பெயர் இது, அதைச் சொல்லி அழை என்று நிமிர்ந்து சொல், மீண்டும் சொன்னால் ஆசிரியரிடம் தெரிவி" என்று அடுத்துச் சொல்லுங்கள்.

பிறகு, பக்கத்து லயத்தில் குடியிருக்கும் அந்த வங்காளதேசத்துத் தொழிலாளியின் பெயர் என்னவென்று பிள்ளையிடம் கேளுங்கள். தெரியாது என்று சொன்னால், மாலையில் அவர் வேலை முடிந்து வரும்போது நீங்களே பிள்ளையை அழைத்துச் சென்று பெயரைக் கேட்டு வாருங்கள். அடுத்த நாள் முதல் அந்தப் பெயரைச் சொல்லியே அழைக்கப் பழக்குங்கள்.