இரு போர்களுக்கிடையே இஸ்பஹான்

ஒரு நாட்டின் தலைநகரைக் கண்டோர் அந்நாட்டின் அரசியலைக் கண்டோராவர். அதன் மாகாண நகரொன்றைக் கண்டோரே அந்நாட்டு மக்களின் வாழ்வைக் கண்டோர் எனலாம். தலைநகரில் ஆணை பிறக்கிறது. அவ்வாணை அடுப்பங்கரையையும் அங்காடியையும் பள்ளிக்கூடத்தையும் எவ்வாறு தீண்டுகிறது என்பது மாகாண நகரிலேதான் புலப்படும். முதலாம் உலகப் போர் முடிந்த 1918 ஆம் ஆண்டுக்கும், இரண்டாம் உலகப் போர் பாரசீகத்தைத் தீண்டிய 1941 ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்து இஸ்பஹான் நகர் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

இஸ்பஹான் ஒரு காலத்தில் தலைநகராயிருந்து பின்னர் மாகாண நகராகியது. சபாவிப் பேரரசன் முதலாம் ஷா அப்பாஸ் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அதனைத் தன் இராசதானியாக்கினான். பரந்த அரச சதுக்கமும், நீலவோடு பதித்த பள்ளிவாசல்களும், சஹார்பாக் என்னும் நிழற்சாலையும், சாயந்தே ஆற்றின் மேல் முப்பத்து மூன்று வளைவுகளோடு நிமிர்ந்து நிற்கும் பாலமும் அவன் காலத்து ஆக்கங்களே. “இஸ்பஹான் உலகிற் பாதி” என்று பாரசீகர் பெருமிதத்தோடு கூறினர். 1722 ஆம் ஆண்டில் ஆப்கானியர் நகரை முற்றுகையிட்டுப் பட்டினி போட்டுக் கைப்பற்றியபின் அப்பெருமை மங்கியது. பின்வந்த அரசர் வேறு நகர்களிலிருந்து ஆண்டனர். எனினும், ஆற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் தோட்டங்களுக்கு நீரூட்டிக்கொண்டேயிருந்தன. கூரை வேய்ந்த கடைத்தெருக்களிற் செப்புக் கொட்டுவோரின் சுத்தியலோசை ஓயவில்லை.

ஆற்றைக் கடந்து தென்கரை சேர்ந்தால், அங்கே புதிய ஜுல்பா என்னும் ஆர்மேனியக் குடியிருப்பு. இதன் பிறப்பு துன்பத்தோடு கூடியது. 1604 ஆம் ஆண்டில், துருக்கியரோடு நிகழ்ந்த போரின்போது, அராஸ் நதிக்கரையிலிருந்த பழைய ஜுல்பாவின் மக்களை ஷா அப்பாஸ் வேரோடு பெயர்த்து இஸ்பஹானுக்குக் கொண்டுவந்தான். வழியிலே மாண்டோர் பலர். எஞ்சியோருக்கு நிலமும், தம் சமயத்தை அனுட்டிக்கும் உரிமையும் அவன் வழங்கினான். அவர்தம் வணிகத் திறமையைக்கொண்டு பட்டு வாணிகத்தை வளர்த்தான். அவர்கள் அங்கு 1664 ஆம் ஆண்டிற் கட்டி முடித்த வாங்க் பேராலயம் வெளித்தோற்றத்திற் பாரசீகக் குவிமாடத்தையும், உட்புறத்தில் ஐரோப்பியச் சாயல் கலந்த சித்திரங்களையும் கொண்டது. 1638 ஆம் ஆண்டில் ஜுல்பாவில் அச்சேறிய ஆர்மேனியச் சங்கீத நூல், பாரசீக மண்ணில் அச்சான முதல் நூல்களுள் வைத்தெண்ணப்படுகிறது.

ஜுல்பாவின் பெயர் தமிழகத்துக்கும் புதியதன்று. சென்னையில் ஆர்மேனியர் வாழ்ந்த வீதியை மக்கள் நாவழக்கில் அரண்மனைக்காரத் தெருவென வழங்கினர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726 ஆம் ஆண்டிற் பாலம் அமைத்தவரும், பரங்கிமலையேறப் படிகள் கட்டுவித்தவருமான பேத்ருஸ் உஸ்கான் ஜுல்பாவிற் பிறந்த வணிகரே. 1751 ஆம் ஆண்டில் அவர் சென்னையிற் காலமானபோது, அவர் விருப்பப்படி அவரது இதயம் ஜுல்பாவுக்கு எடுத்துச்செல்லப்பட்டதென்பர். அயல்நாட்டில் வாழ்ந்து பொருளீட்டி அறஞ்செய்தவருக்கு இதயம் சேரவேண்டிய இடம் இஸ்பஹானின் தென்கரையாகவே இருந்தது. இதனை மனத்திற் பதித்துக்கொண்டே, இஸ்பஹானில் யார் அந்நியர், யார் அந்நியரல்லர் என்னும் வினாவை அணுகுதல் வேண்டும்.

முதலாம் உலகப் போரிற் பாரசீகம் நடுநிலை பூண்டது. ஆனால், நடுநிலையைக் காக்கும் வலிமை அதனிடம் இருக்கவில்லை. 1915 ஆம் ஆண்டில் இஸ்பஹானிலிருந்த ஆங்கிலேயர் நகரைவிட்டு வெளியேற நேர்ந்தது. 1916 ஆம் ஆண்டில் ருஷியப் படைகள் நகரினுட் புகுந்தன. போர் முடியுந் தறுவாயிற் பஞ்சமும் நச்சுச் சளிச்சுரமும் நாடெங்கும் பரவி எண்ணற்றோரைக் கொண்டுசென்றன. போருக்குப் பின் ருஷியப் பேரரசு மறைந்தது. 1921 ஆம் ஆண்டில் இராணுவப் புரட்சியால் எழுச்சி பெற்ற ரேசாகான், 1925 ஆம் ஆண்டின் முடிவில் ரேசா ஷா என்னும் பெயரோடு அரசனானான்.

அக்காலத்து இஸ்பஹானில் மேனாட்டார் தொகை மிகச் சிறிது. அவர்தம் செல்வாக்கோ பெரிது. ஆங்கிலேயரை மூன்று நிறுவனங்கள் அங்கு நிலைபெறச் செய்தன. முதலாவது, தந்தி. இந்தியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த தந்திப்பாதையின் ஒரு கிளை தெஹ்ரானிலிருந்து இஸ்பஹான், ஷீராஸ் வழியாகப் பாரசீகக் குடாக்கடலை அடைந்தது. 1860களில் நாட்டப்பட்ட அத்தந்திக் கம்பங்களே பாலைநிலத்திற் பயணிகளுக்கும் வழிகாட்டிகளாயின. இரண்டாவது, 1889 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பாரசீக இம்பீரியல் வங்கி. நாட்டின் காசுத்தாளை வெளியிடும் தனியுரிமை ஓர் அந்நிய வங்கியிடம் இருந்ததென்பது வியப்புக்குரியது. அதனினும் வியப்பு, அத்தாளின் மேல் எந்நகரின் பெயர் பொறிக்கப்பட்டிருந்ததோ அந்நகரிலேயே அதற்கு வெள்ளிக்காசு கேட்டுப்பெறலாம் என்ற விதியாகும்.

மூன்றாவது, ஆங்கிலத் திருச்சபையின் மிசன். 1869 ஆம் ஆண்டில் ஜுல்பாவில் வந்திறங்கிய ரொபேட் புரூஸ் என்னும் குருவானவர் இட்ட வித்து, வைத்தியசாலைகளாகவும் பள்ளிக்கூடங்களாகவும் வளர்ந்தது. அந்நிய ஆடவர் முன் வெளிப்படாத மாதரின் நோயை ஆண் வைத்தியர் தீர்ப்பது அரிது. ஆகவே, 1897 ஆம் ஆண்டு முதல் பெண்களுக்கென வைத்தியப் பணியாற்றிய எம்மலின் ஸ்டுவர்ட் அம்மையாரின் சேவை விலைமதிக்கற்பாலது. ஸ்டுவர்ட் ஞாபகார்த்தக் கலாசாலையில் இளைஞர் ஆங்கிலத்தோடு காற்பந்தாட்டமும் பயின்றனர். பிரெஞ்சுக் கன்னியர் ஒருபால் பள்ளி நடத்த, மற்றொருபால் பண்டு தொட்டு அந்நகரில் வாழ்ந்த யூதரின் பிள்ளைகளுக்காக அலியான்ஸ் என்னும் பிரெஞ்சு யூதச் சங்கம் 1901 ஆம் ஆண்டிற் பள்ளிக்கூடம் திறந்திருந்தது.

இத்தகைய நகரில் ஒரு வாரம் எவ்வாறு கழிந்தது? வெள்ளிக்கிழமை முஸ்லிம்களின் தொழுகை நாள், கடைத்தெரு அடங்கும். சனிக்கிழமை யூதரின் ஓய்வு நாள். ஞாயிற்றுக்கிழமை ஆற்றின் மறுகரையில் ஆலயமணி ஒலிக்கும். ஒரே வாரத்தில் மூன்று ஓய்வு நாட்கள். ஒரே நகரிற் பல பஞ்சாங்கங்கள். சந்திரனைப் பின்பற்றிய ஆண்டு சமயக் கடமைகளுக்கும், கிறிஸ்து ஆண்டு வங்கிக்கும் தூதரகத்துக்கும் பயன்பட்டன. 1925 ஆம் ஆண்டிற் பழம் பாரசீக மாதப் பெயர்களோடு கூடிய சூரிய ஆண்டை அரசு சட்டமாக்கிற்று.

கூதிர்காலத்தில், கணப்புச் சட்டியின் மேல் தாழ்ந்த மேசையிட்டு அதன்மேல் மெத்தை போர்த்திக் குடும்பத்தினர் அனைவரும் அதனுட் கால்நீட்டி அமர்ந்திருப்பர். அருகிலே ருஷியரிடமிருந்து வந்த சமோவார் என்னும் வெந்நீர்க் கலம் இரைந்துகொண்டிருக்கும். சருக்கரைக் கட்டியைப் பல்லிடையே வைத்துத் தேநீர் அருந்துவது அந்நாட்டு வழக்கம். அச்சருக்கரையும் தேயிலையும் அரசியல் வரலாற்றில் இடம்பெற்ற பொருள்கள். 1925 ஆம் ஆண்டில் அவற்றின்மீது தனி வரி விதிக்கப்பட்டது. வடகடலையும் தென்கடலையும் இணைக்கும் இருப்புப்பாதையை அந்நியக் கடன் வாங்காமல் அமைப்பதே அவ்வரியின் நோக்கம். 1927 ஆம் ஆண்டிற் றொடங்கி 1938 ஆம் ஆண்டில் முடிவுற்ற அப்பாதை இஸ்பஹானைத் தொடவேயில்லை. இஸ்பஹான் ஏழை தன் தேநீர்க் கிண்ணத்தால் ஈந்த வரி, அவன் காணாத புகைவண்டியை ஓட்டியது.

எனினும் மாற்றம் வேறு வழிகளால் வந்தது. ஒட்டக வரிசைகள் பன்னாள் நடந்த தெஹ்ரான் பாதையில் மோட்டார் வண்டிகள் விரைந்தன. 1920களின் பிற்பகுதியில் ஜேர்மனியரின் யுங்கர்ஸ் விமானங்கள் இஸ்பஹானில் இறங்கின. 1925 ஆம் ஆண்டளவில் வதன், அதாவது ‘தாயகம்’, என்னும் பெயரோடு முதலாவது நெசவாலை எழுந்தது. 1930களில் வேறு பல ஆலைகள் அதனைத் தொடர்ந்தன. முதலீடு உள்ளூர் வணிகருடையது. பொறிகளும் பொறிவல்லாரும் பெரும்பாலும் ஜேர்மனியிலிருந்து வந்தனர். ஆங்கிலேயரும் ருஷியரும் ஆணையிடுவோராக வந்து சென்ற நாட்டில், ஜேர்மனியர் தொழில்வல்லோராக வந்தமையால் அவர்க்கு வரவேற்பு மிக்கிருந்தது. பழஞ் சின்னங்களை ஆராயும் அறிஞரும் வந்தனர். பிரான்சியரான அந்திரே கொதார் 1928 ஆம் ஆண்டு முதல் தொல்பொருட் பகுதியை வழிநடத்தினார். அமெரிக்கரான ஆதர் போப் பள்ளிவாசல்களின் சிற்பச் சிறப்பைப் படம்பிடித்து உலகறியச் செய்தார்.

இனி, அக்காலத்தின் தலையாய அரசியல் நிகழ்ச்சிக்கு வருவோம். 1828 ஆம் ஆண்டில் ருஷியரிடம் தோல்வியுற்ற பாரசீகம், தன் மண்ணிற் குற்றஞ் செய்யும் ருஷியரைத் தன் நீதிமன்றத்தில் தானே விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரத்தை இழந்தது. பிற வல்லரசுகளும் காலப்போக்கில் அச்சலுகையைப் பெற்றன. ஒரே தெருவிற் சண்டையிட்ட இருவருள், பாரசீகன் காதியின் முன் நிற்க, அந்நியன் தன் தூதுவனின் பின் நின்றான். 1928 ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வுரிமை ஒழிக்கப்பட்டது. காசுத்தாள் வெளியிடும் உரிமை 1930 ஆம் ஆண்டில் இம்பீரியல் வங்கியிடமிருந்து மீட்கப்பட்டுத் தேசிய வங்கிக்குச் சென்றது. தந்திப்பாதைகள் 1931 ஆம் ஆண்டில் அரசின் கைக்கு வந்தன. தன்மானமுள்ள எந்நாடும் செய்யவேண்டிய செயல்களே இவை.

ஆனால், அதே அரசின் கை மற்றொரு திசையிலும் நீண்டது. 1928 ஆம் ஆண்டுச் சட்டம் ஆடவர் ஒரே வகை உடையும் தொப்பியும் அணியவேண்டுமென விதித்தது. 1936 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் மாதர் முகத்திரையும் போர்வையும் நீக்கவேண்டுமென்ற ஆணை பிறந்தது. கல்வி கற்ற சில பெண்கள் அதனை விடுதலையெனக் கொண்டனர். வேறு பலரோ தெருவிற் காவலர் போர்வையைப் பறிக்கக் கூடுமென்றஞ்சி வீட்டினுள்ளே அடைந்து கிடந்தனர். விடுதலையும் வற்புறுத்தலால் வரும்போது சிறையாகிவிடும்.

இஸ்பஹானின் ஆர்மேனியருக்கு இதனினும் கொடிய அடி விழுந்தது. 1930களின் நடுப்பகுதியில் நாடெங்கும் ஆர்மேனியப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. அதன்பின் 1939, 1940 ஆம் ஆண்டுகளில் மேனாட்டு மிசன்களின் பள்ளிக்கூடங்களும் அரசுடைமையாயின. இவ்விரு செயல்களும் புறத்தோற்றத்தில் ஒரேவகையானவை, உள்ளுறையில் வேறானவை. அந்நியர் நடத்திய பள்ளியை ஓர் அரசு தன்பாற் கொள்வது அதன் ஆட்சியுரிமையைச் சார்ந்தது. ஜுல்பாவின் ஆர்மேனியரோ முந்நூறு ஆண்டுகளாக அம்மண்ணின் குடிகள். தாமாக வந்தவரல்லர், அரசன் ஆணையாற் கொண்டுவரப்பட்டவர். அவர்தம் பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பள்ளியை மறுத்தமை, குடியையும் அந்நியனையும் ஒன்றாக எண்ணிய பிழையாகும். அந்நியனுக்கு ஆணை வந்தால், அவன் புறப்பட்டுத் தன் நாட்டுக்குச் செல்வான். குடிமகன் எங்கே செல்வான்?

1941 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆங்கிலப் படைகளும் சோவியத் படைகளும் நாட்டினுட் புகுந்தன. நாட்டில் ஜேர்மனியர் தங்கியிருந்தமை அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. செப்டெம்பர் மாதத்தில் ரேசா ஷா முடிதுறந்தான். போர்வைகள் தெருவுக்கு மீண்டன. பின்வந்த ஆண்டுகளில் ஆர்மேனியப் பள்ளிகளும் மீண்டுந் திறக்கப்பட்டன.

அதன்பின் இஸ்பஹான் புதியதோர் அந்நியக் கூட்டத்தைக் கண்டது. 1942 ஆம் ஆண்டு முதல், சோவியத் நாட்டு முகாம்களிலிருந்து தப்பிய போலந்து நாட்டுப் பிள்ளைகள் அங்கு வந்து சேர்ந்தனர். அவருட் பலர் தாய் தந்தையரை இழந்தவர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அப்பிள்ளைகளுக்கு மிசன் மனைகளும், ஜுல்பாவின் இல்லங்களும், பாரசீகச் செல்வரின் தோட்ட மாளிகைகளும் கதவு திறந்தன. அவர்களிடம் வங்கியுமில்லை, தந்தியுமில்லை, அவர்க்காக வாதாடும் வலிய தூதுவருமில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஊரிழந்து வந்தோரின் மரபினர் வாழ்ந்த தெருக்களில், ஊரிழந்து வந்த அப்பிள்ளைகள் தம் மொழியிற் பாடங் கற்றனர்.

ஒரு நகரம் வலியோரை எவ்வாறு வரவேற்றது என்பதைத் தூதரகப் பதிவேடுகள் கூறும். வலியற்றோரை எவ்வாறு ஏற்றது என்பதே அதன் நாகரிகத்தை அளக்குங் கோல். அக்கோலால் அளக்குமிடத்து, ஆணையிட்ட அரசினும் அடைக்கலம் ஈந்த இஸ்பஹான் உயர்ந்து நிற்கின்றது.