கிழக்கே நடக்கும் கல்

பிரைட்டன் கடற்கரையில் மணலைப் பார்க்க, கடல் நன்றாக உள்வாங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் கூழாங்கல்தான். வெறுங்காலுடன் நடந்தால் பாதம் கெஞ்சும். ஆனாலும் கோடை வந்தால் லண்டன்காரர்கள் ரயிலேறி வந்து இந்தக் கல்லின் மேல்தான் துண்டு விரிக்கிறார்கள். முடியாதவர்கள் சாய்வு நாற்காலி போட்டுக்கொள்கிறார்கள். அவர்களைப் போலவே அந்தக் கல்லும் வந்து போவதுதான். என்ன, அவர்களைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போகும்.

பெரும்பாலும் அது சிக்கிமுக்கிக்கல். சுமார் எட்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு தென் இங்கிலாந்து வெதுவெதுப்பான கடலுக்கு அடியில் கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து வெள்ளைச் சுண்ணப்பாறை ஆயிற்று. கடற்பஞ்சுகளின் உடலில் இருந்த சிலிக்கா கரைந்து, சிற்றுயிர்கள் சேற்றில் குடைந்த வளைகளுக்குள் போய் உறைந்தது. முண்டும் முடிச்சுமான அந்த வடிவம் அப்படி வந்தது. உடைத்துப் பார்த்தால் வெளியே சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைத் தோல், உள்ளே கண்ணாடிபோல் மினுங்கும் கருமை. விளிம்பில் விரல் பட்டால் ரத்தம் வரும். சில கற்களில் இயற்கையாகவே ஓட்டை இருக்கும். சூனியம் அண்டாதென்று மீனவர்கள் அவற்றைப் படகில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

பனியுகத்தில் உறைபனி பாறையை நொறுக்கியது. உதிர்ந்த கற்கள், அப்போது வறண்டு கிடந்த ஆங்கிலக் கால்வாயின் தரையெங்கும் பரவின. பனி உருகிக் கடல் ஏறியபோது அவற்றை உருட்டிக்கொண்டே கரைக்கு வந்தது. இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால் அலை சாய்வாக ஏறுகிறது, கல்லும் சாய்வாகவே ஏறுகிறது. நீர் இறங்கும்போது சரிவில் நேராக வழிகிறது, கல்லும் நேராக இறங்குகிறது. ஓர் அலைக்கு ஓர் அடி, இரண்டடி. இப்படியே கோணல்மாணலாகக் கிழக்கே நடக்கிறது. மேற்கே ஷோரம் துறைமுக வாய் அதற்கு ஒரு தடை. பிரைட்டனில் இன்னும் பல.

அந்தத் தடைகள் வந்ததற்குக் காரணம் உண்டு. 1703இலும் 1705இலும் அடித்த புயல்கள் பிரைட்டனின் மீனவர் குடியிருப்பைத் தகர்த்து, மிச்சத்தைக் கல்லால் மூடின. கல்மேடு கரையில் இருந்தால்தான் ஊர் தப்பும் என்று புரிந்தது. கல்லைப் பிடித்து நிறுத்தத் தூண்டில் வளைவுகள் எழுந்தன. 1750இல் மருத்துவர் ரிச்சர்ட் ரஸ்ஸல் கடல்நீர் வைத்தியம் பற்றி நூல் எழுதினார். அதன் பிறகு நோயாளிகளும் பணக்காரர்களும் வந்தார்கள். 1783இல் இளவரசர் ஜார்ஜ் வந்தார். 1841இல் ரயில் வந்தது, சாமானியரும் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் வீடு வேண்டுமே! கடலைப் பார்த்து நிற்கும் அந்த வெள்ளை வீடுகள் பலவற்றின் பூச்சைப் பெயர்த்தால் உள்ளே சிக்கிமுக்கிக்கல், உடைந்த செங்கல், சுண்ணாம்புக் கலவை. பங்கரூஷ் என்பார்கள். ஈரம் ஏறினாலும் குறைந்தாலும் அதற்கு ஆபத்து. அந்த ஊரின் மினுக்கைப் பாடுபவர்கள் இந்தச் சுவரையும் சேர்த்துப் பாட வேண்டும் என்பேன்.

கிழக்கே நியூஹேவன் பக்கத்தில் சில கற்கள் வேறு வழி போயின. நீலம் பாய்ந்த கற்களை ஆட்கள் கையால் பொறுக்கிக் கப்பலேற்றினார்கள்; அவை ஸ்டாஃபர்ட்ஷயரின் மட்பாண்டப் பட்டறைகளுக்குப் போயின. சுட்டால் இந்தக் கல் வெளுத்துவிடும். அதை மாவாக அரைத்துக் களிமண்ணில் கலந்தால் பாத்திரம் வெள்ளையாகவும் உறுதியாகவும் வரும். இங்கிலாந்தின் எத்தனையோ தேநீர்க் கோப்பைகளில் கடற்கரைக் கல் இருக்கிறது. அந்தத் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களின் நுரையீரலிலும் அது இருந்தது. கோப்பையைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

பிரைட்டனில் தூண்டில் வளைவுகளைத் தாண்டிய கல் இன்னும் கிழக்கே நடக்கிறது. 1970களில் கட்டிய பிரைட்டன் மரீனா படகுத்துறையின் மேற்குச் சுவரில் முட்டிக் குவிகிறது. அந்தத் துறைக்குப் பின்னால், சூப்பர் மார்க்கெட்டை ஒட்டிய செங்குத்துப் பாறையில், சுமார் இரண்டு லட்சம் ஆண்டுக்கு முந்தைய கடற்கரை ஒன்று கற்களோடு அப்படியே தெரிகிறது. கடைக்கு வந்து போகிறவர்கள் ஒரு நிமிடம் தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும்.

ஓர் ஊர் பிடித்து வைக்கும் கல், அடுத்த ஊருக்குப் பற்றாக்குறை. நியூஹேவன் துறைமுகத்தின் நீண்ட அலைதடுப்புச் சுவர் கல்வரத்தை மறித்ததால் அதற்குக் கிழக்கே உள்ள சீஃபோர்டு கரை மெலிந்துபோனது; கடல் ஊர்ச் சுவரை நேரடியாக அறைந்தது. 1987இல் கடலடியிலிருந்து பத்து லட்சம் டன்னுக்கு மேல் கல்லை வாரிக் கொண்டுவந்து கொட்டினார்கள். அதுவும் நிற்கவில்லை, சீஃபோர்டு ஹெட் பாறையடிக்கே போய்ச் சேர்ந்தது. இப்போது ஆண்டுதோறும் லாரிகள் அந்தக் கிழக்கு முனையில் கல்லை அள்ளி, கரை மெலிந்த இடங்களில் கொண்டுவந்து கொட்டுகின்றன. அடுத்த தென்மேற்குக் காற்றிலேயே கல் மறுபடி கிழக்கே கிளம்பிவிடுகிறது.