பெரியப்பாவின் உயிலும் இரண்டு நாட்டுக் கோர்ட்டுகளும்

நம் பக்கத்தில் மலாயாவுக்கு ஆள் அனுப்பாத வீடு குறைவு. போனவர்கள் பணம் அனுப்பினார்கள், வீடு கட்டினார்கள். சிலர் அங்கேயே கண்ணை மூடினார்கள். அப்படி ஒருவர் போய்விட்டால், உயிலை எந்த நாட்டுக் கோர்ட்டில் நிரூபிப்பது என்ற கேள்வி வரும்.

என் பெரியப்பா 1974-ல் ஈப்போவில் காலமானார். உயிலையும் அங்கேயே எழுதி, அங்குள்ள இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கியிருந்தார். அங்கே ஒரு மளிகைக் கடை, கொஞ்சம் ரப்பர் தோட்டம், பாங்கியில் டெபாசிட். இங்கே ஊரில் வீடும் நாலு ஏக்கர் நஞ்சையும். எல்லாம் பெரியம்மாவுக்கு.

"நம்ம கோர்ட்டிலேயே புரொபேட் வாங்கி அங்கே அனுப்புவோம், சீல் வைத்துக் கொடுத்துவிடுவான்" என்றார் சித்தப்பா. அது தப்பான யோசனை இல்லை. காமன்வெல்த் நாட்டுக் கோர்ட் கொடுத்த புரொபேட்டுக்குத் தன் முத்திரையும் வைத்து ஏற்றுக்கொள்ள மலாயாவின் 1959-ம் வருஷச் சட்டம் இடம் கொடுத்தது. இந்தியாவில் அந்த முத்திரை வழி கிடையாது. வெளிநாட்டு புரொபேட்டின் நகலை வைத்து இங்கே தனியாக மனுப் போட வேண்டும்.

வக்கீல் வேறு கணக்குப் போட்டார். சாட்சிகள் இருவரும் ஈப்போவில். ஒருவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அசல் உயிலோ எந்தக் கோர்ட் புரொபேட் தருகிறதோ அங்கேயே தங்கிவிடும். இன்னொன்று, ஊர்ச் சொத்துக்கு அன்றைய சட்டப்படி புரொபேட்டே கட்டாயம் இல்லை. 1870-ம் வருஷத்து இந்து உயில் சட்டம் சென்னை, பம்பாய் நகர எல்லைக்கும் வங்காளத்துக்கும் என்று ஒரு கோடு போட்டது; 1925-ம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டமும் அதையே வைத்துக்கொண்டது. பெரியப்பாவுக்கு மயிலாப்பூரில் ஒரு சின்ன வீடு இருந்திருந்தால் கதையே வேறு. வெள்ளைக்காரன் போட்ட கோடுகளில் இது ஒரு வேடிக்கையான கோடு!

பெரிய சிக்கல் எஸ்டேட் டூட்டி. 1953 முதல் இங்கே சாவு வரி இருந்தது. வெளிநாட்டு நிலத்தை அது தொடாது. ஆனால் இறந்தவரின் நிரந்தர வாசம், அதாவது டொமிசைல், இந்தியா என்றால் வெளிநாட்டு பாங்கிப் பணமும் கணக்கில் வரும். பெரியப்பா மலேசியக் குடியுரிமை வாங்கியிருந்தார். அது மட்டும் போதாது. பிறந்த ஊருக்குத் திரும்பும் எண்ணத்தை விட்டவரா என்பதுதான் கேள்வி. இந்த மாதிரி வரித் தகராறு சாமானியமாக முடியாது. 1938-ல் இறந்த அருணாசலம் செட்டியாரின் இலங்கைச் சொத்து வரி வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1957-ல்தான் குடும்பத்துக்குச் சாதகமாக முடிந்தது. பத்தொன்பது வருஷம்!

"அவர் எழுதின கடுதாசி இருக்கா?" என்று வக்கீல் கேட்டார். பெரியம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தார். படித்துக் காட்டியது நான்தான். 1969 வரை எல்லாக் கடுதாசியிலும் "அடுத்த பொங்கலுக்கு ஊரோடு வந்துவிடுவேன்" என்று இருந்தது. அந்த மே மாதக் கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று அங்கே கெடுபிடி வந்தது. அவர் பிரஜையானார். அதற்குப் பின் வந்த கடுதாசிகளில் பொங்கல் பேச்சே இல்லை. "இனி என் காலம் இங்கேதான், நீ புறப்பட்டு வா" என்று மூன்று கடுதாசியில் எழுதியிருந்தார். பெரியம்மா இதை யாரிடமும் சொன்னதில்லை.

"அப்போ அவரு இந்த ஊர்க்காரர் இல்லைன்னு எழுதப் போறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"வரிக் கணக்குக்கு மட்டும்தாம்மா" என்றார் வக்கீல்.

ஈப்போவிலேயே மனுப் போட்டோம். மனுவில் நிரந்தர வாசம் மலேசியா என்று எழுதப்பட்டது. வயதான சாட்சி பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட நாலாம் மாதம் தவறிப்போனார். புரொபேட் கைக்கு வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. அங்கேயும் அப்போது சாவு வரி உண்டு. தோட்டத்தை விற்றுத்தான் கட்டினோம். இந்தியா அந்த வரியை 1985-லும் மலேசியா 1991-லும் எடுத்துவிட்டன. ஊர் வீட்டுக்கும் நஞ்சைக்கும் பட்டா பெரியம்மா பேருக்கு மாறியது. கடுதாசிக் கட்டை வக்கீலிடமிருந்து மறக்காமல் திருப்பி வாங்கி வரச் சொன்னார், வாங்கிக் கொடுத்தேன்.