தங்கவயலின் சயனைட் மேடும் பழைய போன்களும்

பழைய போனிலிருந்தும் கம்ப்யூட்டர் போர்டிலிருந்தும் மாசில்லாமல் தங்கம் பிரிக்கலாம் என்கிறார்கள். கோலார் தங்கவயலின் வரலாறு தெரிந்தவர்கள் அதோடு இன்னொன்றையும் கேட்பார்கள்: தங்கம் போக மிஞ்சுவது யார் வாசலில் கிடக்கும்? 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே இறங்கியபோது, இடித்துத் தூளாக்கிய பாறையைப் பாதரசத்தில் ஒட்டவைத்துத்தான் தங்கம் எடுத்தார்கள். 1887-இல் ஸ்காட்லாந்தில் கண்டுபிடித்த சயனைட் முறை அடுத்த சில ஆண்டுகளில் அங்கும் வந்தது. பாதரசத்துக்குச் சிக்காத துகளையும் அது கரைத்தெடுத்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய முன்னேற்றந்தான். ஆனால் 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடியபோது சுமார் 3.3 கோடி டன் கழிவு 13 மேடுகளாக அங்கேயே நின்றது. பிரிட்டிஷ் ஆட்சியில் லாபம் லண்டன் பங்குதாரர்களுக்குப் போனது. காற்றடி காலத்தில் சயனைட் மேட்டுத் தூசி, வட ஆற்காட்டிலிருந்து பிழைக்கப் போன தமிழ்க் குடும்பங்களின் வீட்டுக்குள் வந்தது.

டன் பாறையில் சில கிராம் தங்கமே உண்டு, டன் போன்களிலோ நூற்றுக்கணக்கான கிராம். ஆகவே கழிவும் அற்பம் என்று வாதிடலாம். அளவு குறைவுதான். ஆனால் சுரங்கக் கழிவு ஓரிடத்தில் குவிந்தது, போன் கழிவோ ஊரூராகச் சிதறுகிறது. தங்கத்தையும் கரைக்கும் ஆசிட் கலவையான ராஜதிராவகத்தில் போர்டைப் போட்டால் செம்பழுப்புப் புகை கிளம்பும். தங்கத்தை வடித்த பிறகு செம்பும் ஈயமும் கலந்த ஆசிட் சாக்கடைக்குத்தான் போகும். வட இந்தியாவின் மொராதாபாத்தில் போர்டுகளை எரித்த சாம்பல் ராமகங்கை ஆற்றங்கரையில் குவிந்தது. தமிழ்நாட்டின் கச்சிராயபாளையத்தில் ஒருவர் கொல்லைப்புறத்தில் இந்த ஆசிட் வேலையைச் செய்தால் கோமுகி ஆறுதான் தாங்க வேண்டும். வேல்ஸில் பிரிட்டனின் ராயல் மின்ட் 2024-இல் திறந்த ஆலை, சாதாரண வெப்பநிலையிலேயே சில நிமிடங்களில் போர்டிலுள்ள தங்கத்தைக் கரைக்கிறது. அந்த வேதியியலை வரவேற்கிறேன். ஆலையில் ஒரே இடத்தில் கழிவுக்குக் கணக்கு வைக்க முடிவதை அதைவிட முக்கியமாக நினைக்கிறேன்.

எல்லாம் ஆலைக்குப் போனால் பழைய இரும்புக் கடைக்காரர் என்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானது. சேகரிப்பதும், திருப்புளியால் பிரித்துப் போர்டைத் தனியே எடுப்பதும் அவர் கையிலேயே இருக்கட்டும். ஆசிட் வேலை மட்டும் போகட்டும். 2023 ஏப்ரல் முதல் இந்தியாவில் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள் தயாரிப்பாளர்களைப் பொறுப்பாளிகளாக்குகின்றன. அந்தப் பொறுப்பு கடைக்காரருக்கு வரும் விலையில் தெரிய வேண்டும். உள்ளே இருக்கும் தங்கத்துக்கு ஈடாக முழுப் போர்டுக்கு விலை கிடைக்காதவரை, கொல்லைப்புறத்தில் ஆசிட் ஊற்றுவதை எந்த விதியும் நிறுத்தாது.